கடல்தண்ணீர் கேட்டவள்

இது வேர்க்குருவாக இருக்கட்டும். ஆத்தா, பங்குனி வெயிலுக்கு வந்த வெறும் வேர்க்குருவாக இருந்துவிட்டுப் போகட்டும்.

நாகலெட்சுமி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சீப்பைப் பிடித்திருந்த கை மட்டும் நின்றுவிட்டது. முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள் பூங்கோதை, அவள் கொழுந்தன் தனுஷின் மனைவி. வயிற்றில் ஆறு மாதம். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் விலா பிடிக்கிறது என்று சொல்லி, கொஞ்ச நாளாக அக்காவிடம்தான் தலை பின்னிக்கொள்கிறாள். அவள் பிடரியில், முடி தொடங்கும் இடத்தில், சிவந்த புள்ளிகள் இருந்தன. ஒன்றில் நீர் கோத்திருந்தது.

“என்னக்கா, பேனு கீனு பிடிச்சிட்டீயளா? சத்தத்தையே காணோம்.”

“உன் தலையில பேன் எப்படி நிக்கும்? எண்ணெய ஊத்தி ஊத்தி வழுக்கி விட்டுர்ற.”

பூங்கோதை சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. சளி இல்லாத, குட்டையான இருமல். நாகலெட்சுமியின் நெஞ்சுக்கு அந்த இருமலை அடையாளம் தெரிந்தது.

“எப்பயிருந்து இது?”

“மிளகா நெடிக்கா. வீடெல்லாம் காயப் போட்டு வச்சிருக்கு, வேற என்ன வரும்.”

வாசல் முழுக்கக் குண்டு மிளகாய் சிவந்து கிடந்தது உண்மைதான். ஆனால் அந்த நெடியில் பிறந்து வளர்ந்தவள் பூங்கோதை. நாகலெட்சுமி குனிந்து, குரலை இறக்கிக் கேட்டாள்.

“வேற எங்கனயும் இருக்கா?”

பூங்கோதை திரும்பாமலே, “வயித்துல ரெண்டு மூணு நாளா இருக்கு,” என்றாள். “அத்தைட்ட சொல்லிராதீய. என்ன சொல்வாகன்னு தெரியும்.”

என்ன சொல்வார்கள் என்று நாகலெட்சுமிக்கும் தெரியும்.

மாசியில் ஊருக்குள் அம்மை வந்தது. பிள்ளைகளுக்கு விளையாட்டாக வந்து போனது. வேப்பிலைப் படுக்கையில் ஒரு வாரம் சிணுங்கிவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாளே தெருவில் ஓடின. நாகலெட்சுமிக்கு முப்பத்தெட்டு வயது. சின்னதில் அவளுக்கு அம்மை வந்ததில்லை. அவள் அய்யா சாயல்குடிக்குத் தெற்கே ஓர் உப்பளத்தில் காவல் இருந்தவர். சுற்றிலும் வேறு வீடு கிடையாது. சேர்ந்து விளையாடவே ஆள் இல்லாத இடத்தில் யார் வந்து ஒட்டவைப்பார்கள்? முகத்தில் முதல் முத்து தெரிந்தபோது பக்கத்து வீட்டுக்காரி, “மதினி, உங்களுக்கு இப்பத்தான் புள்ளப் பருவம் வருதாக்கும்,” என்று கேலி செய்துவிட்டுப் போனாள். மாமியார் இராமலட்சுமி வாசலில் வேப்பங்கொத்து செருகினாள். வீட்டில் தாளிப்பு நின்றது. மிளகாயை அள்ளி அடுத்த வீட்டுக் களத்தில் கொட்டினார்கள்.

அம்மை போட்டவள் வலிக்கிறது என்று சொல்லக்கூடாது. வீட்டுக்கு வந்த ஆத்தாளைப் போகச் சொன்ன மாதிரி ஆகிவிடும். அதனால் நாகலெட்சுமி அரிக்கிறது என்று சொல்லவில்லை. பிறகு நெஞ்சில் யாரோ நனைந்த சாக்கை மடித்து வைத்தது மாதிரி இருந்தபோதும் சொல்லவில்லை. மூச்சு மேலேயே நின்றது, அடிவரைக்கும் இறங்க மாட்டேன் என்றது. பெரியவர்களுக்கு இப்படித்தான் வரும்போல என்று நினைத்துக்கொண்டாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே கடந்துவந்த ஒன்றைத் தான் மட்டும் தாங்க முடியாமல் கிடப்பது வெட்கமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் அந்த அறையில் இல்லை. உப்பளத்தின் வரப்பில் நின்றாள். பாத்திகள் காய்ந்து வெடித்திருந்தன. அய்யா மடைப் பக்கம் திரும்பி நின்றார், எவ்வளவு கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. வெடிப்பு அவள் காலை நோக்கி வந்துகொண்டிருந்தது. “கடத்தண்ணிய விடுங்க, எல்லாம் காயுது, கடத்தண்ணிய விடுங்க” என்று கத்தினாள்.

அந்தக் கத்தல் அறைக்கு வெளியே கேட்டது. இராமலட்சுமி இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினாள். ஆத்தா வாய் திறந்து கடல்தண்ணீர் கேட்கிறாள். மூத்த மகன் குருநாதன், நாகலெட்சுமியின் கணவன், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பித்தளைக் குடத்தை வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு மூக்கையூர்க் கடற்கரைக்குப் போனான். குடம் தளும்பக்கூடாது என்று வண்டியை மெதுவாக ஓட்டி வந்தான். வீட்டைச் சுற்றி மூன்று முறை தெளித்தான். அவள் அறை வாசல் நிலையிலும் ஊற்றினான்.

அவன் போயிருந்த நேரத்தில்தான், வயிற்றுப்பிள்ளைக்காரி உள்ளே வரக்கூடாது என்ற கட்டுப்பாட்டை மீறி, பூங்கோதை அந்த அறைக்குள் வந்தாள். நாகலெட்சுமியின் உதடு நாவல்பழம் தின்றது போல இருப்பதைப் பார்த்தாள். யாரிடமும் கேட்காமல் 108க்கு ஃபோன் செய்தாள். ஸ்ட்ரெச்சரோடு வந்தவர்களை இராமலட்சுமி வாசலில் கையை விரித்து மறித்தாள். “ஆத்தாள நெல தாண்டித் தூக்காதீய, குடும்பம் வெளங்காது,” என்று அழுதாள். பூங்கோதை அதைவிடச் சத்தமாகக் கத்தினாள். இதையெல்லாம் நாகலெட்சுமி பிறகு கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

இராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் அவள் தொண்டைக்குள் குழாய் இறக்கினார்கள். குழந்தைகளுக்குத் தோலோடு போய்விடுகிற அம்மை, பெரியவர்களில் சிலருக்கு நுரையீரலுக்குள்ளும் இறங்கிவிடும் என்று டாக்டரம்மா பிறகு விளக்கினார். மேலே இருந்த முத்துக்கள் உள்ளேயும் இருந்தனவாம். எக்ஸ்ரேயைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். நெஞ்சு முழுக்க உப்புப் பொடியைத் தூவியது மாதிரி இருந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது குருநாதனைப் பார்த்து, “வீட்டுல மாசமா ஒரு பொண்ணு இருக்குன்னீங்களே, அவங்களுக்கு ஒரு புள்ளி தெரிஞ்சாக்கூட உடனே கூட்டிட்டு வரணும்,” என்றார். குருநாதன் தலையாட்டினான். டாக்டர் எது சொன்னாலும் தலையாட்டுகிறவன் அவன்.

வீடு திரும்பியபோது நாகலெட்சுமியின் குரல் மாறியிருந்தது. குழாய் இறங்கிய தொண்டை, தடித்து, எங்கோ பானைக்குள்ளிருந்து பேசுவது போல ஒலித்தது. நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஊர் வேறு மாதிரி முடிவு செய்துகொண்டது.

வாசலில் கால் வைத்ததும் மாமியார் அவள் காலில் தண்ணீர் ஊற்றினாள். கலியாணமாகி வந்த நாளிலிருந்து “ஏ புள்ள” என்று மட்டுமே கூப்பிட்டவள், “வா தாயி,” என்றாள். முதல் டம்ளர் காப்பி அவளுக்கு வந்தது. குடத்தைத் தொட விடவில்லை. இரண்டு நாள் கழித்து, ஆட்டைக் காணோம் என்று ஒருத்தி எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றாள். “எந்தப் பக்கம் போச்சு தாயி?” நாகலெட்சுமிக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. வந்தவள் முகத்தில் இருமக்கூடாது என்று கிழக்குச் சுவர்ப் பக்கம் திரும்பி இருமினாள். ஆடு கிழக்கே கருவேலங்காட்டில் அகப்பட்டது. அன்று சாயங்காலம் வாசலில் நான்கு பேர் நின்றார்கள்.

அவள் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. தலையசைத்தாள், சில சமயம் அதுகூட இல்லை. ஆனால் நான் ஆத்தா இல்லை என்றும் சொல்லவில்லை. மத்தியானம் படுத்துக்கிடக்கும்போது தன்னைத்தானே கேட்டுப் பார்த்தாள். ஏன் சொல்லவில்லை? பேச மூச்சு இல்லை என்பது ஒரு பதில். அது பொய் என்று அவளுக்கே தெரிந்தது. இத்தனை வருஷமாக அந்த வீட்டில் அவள் ஏதாவது சொல்லத் தொடங்கினால், அவள் பேச்சின் மேலேயே வேறு யாராவது பேசிக்கொண்டு போவார்கள். பாதியில் நிறுத்திக்கொள்வது அவளுக்குப் பழகிவிட்டது. இப்போது அவள் வாயைத் திறந்தால் சட்டி மூடியைக்கூடச் சத்தமில்லாமல் வைக்கிறார்கள். அது இனிப்பாக இருந்தது. வெட்கப்படும் அளவுக்கு இனிப்பாக இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. அன்று உப்பளத்தைக் காட்டியது யார் என்று அவளுக்கு நிச்சயமில்லை. காய்ச்சல்தான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆத்தா வேண்டுமென்றால் அய்யாவின் முதுகாகவும் வர மாட்டாளா? அந்த இடத்தில் அவள் நினைப்பு நின்றுவிடும். மேலே போக அவள் தள்ளியதில்லை.

பூங்கோதையின் தலையைப் பின்னி முடிப்பதற்குள் இராமலட்சுமி தோட்டத்திலிருந்து வந்துவிட்டாள். மறைக்க முடியவில்லை. அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. பூங்கோதையின் பின்கழுத்துச் சட்டையை விலக்கிப் பார்த்தாள். கையைக் கூப்பினாள். உடனே வேலையில் இறங்கிவிட்டாள்.

“ஏலே தனுஷு, மிளகாய அள்ளு. அடுப்புல என்ன கெடக்கு? தாளிச்சாச்சா? அதக் கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில ஊத்து. வேப்பங்கொப்பு ஒடிச்சிட்டு வா. கொழுந்தா ஒடி, முத்துனத ஒடிச்சிட்டு வராத.”

பூங்கோதையை அறைக்குள் படுக்க வைத்துவிட்டு வந்து, நாகலெட்சுமியின் முன் நின்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. கடையில் ஒரே ஒரு பொருள் மிச்சமிருக்கும்போது வாங்க வந்தவர்களின் முகம் மாதிரி இருந்தது.

“தாயி, இது சும்மா வந்தது இல்ல. அன்னைக்கு உன்னய நெல தாண்டித் தூக்கிட்டுப் போனா பாரு, அந்தக் கோவம். நான் தடுத்தேன், கேக்கல. சின்னப் புள்ள, தெரியாமப் பண்ணிருச்சு. வயித்துல ஒண்ண வச்சுக்கிட்டு அது என்ன செய்யும்?”

“அத்தை...”

“நீதான் தீக்கணும். உச்சிப்பொழுதுக்குள்ள பலகைல ஒக்காரு. வீட்டோட கெடக்கட்டும், மூணு தண்ணி ஊத்துங்க, எறங்கிருதேன்னு ஒரு வாக்குச் சொல்லிரு. போதும். வேற யாருகிட்டப் போய் நிப்பேன்?”

குருநாதன் வேப்பிலையை உருவிக்கொண்டிருந்தான். நாகலெட்சுமி அவனைப் பார்த்தாள்.

“ராம்நாட்டுல அந்த டாக்டரம்மா சொன்னாகல்ல, இவளப் பத்தி?”

“சொன்னாக,” என்றான். இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஆனா, கடத்தண்ணி கொண்டாந்து ஊத்துன பெறகுதான உனக்கு மூச்சுத் திரும்புச்சு? அம்மா சொல்றதையும் தள்ள முடியல.”

சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்து போனது. வெயிலில், செருப்பில்லாமல், குடம் தளும்பாமல் அவன் ஓட்டி வந்த தூரம் அது. கலியாணமான இத்தனை வருஷத்தில் அவளுக்காக அவன் அப்படி எங்கும் போனதில்லை.

குளிக்கப் போகிறவள் போலப் பின்பக்கம் போனாள். அங்கே தனுஷ் தன் குட்டியானை வண்டியில் மிளகாய்ச் சாக்கை ஏற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் சாக்கை அப்படியே போட்டுவிட்டு வந்தான்.

“மதினி, ஒரு யோசனை.”

“சொல்லு.”

“நீங்க பலகைல ஒக்காருங்க. ஆத்தா மாதிரியே ஒரு உறுமு உறுமுங்க. இப்ப இருக்கிற குரலுக்கு நீங்க உறுமக்கூட வேண்டாம், சாதாரணமாப் பேசுனாலே அம்மா பதறிரும். ‘ஏலே, என் மகள இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போலே’ன்னு சொல்லுங்க. அடுத்த நிமிசம் வண்டி ரோட்ல நிக்கும்.”

“நீ போகணும்னு நெனச்சா அம்மாட்டச் சொல்ல வேண்டியதுதான?”

“நானா? நான் சொன்னா, அன்னைக்கே உன் பொண்டாட்டிய அடக்கியிருந்தா இது வருமாலேன்னு கேக்கும். மதினி, அவ ராத்திரியெல்லாம் இருமுறா. ஏணி ஏறுன மாதிரி மூச்சு வாங்குறா. எனக்குப் பயமா இருக்கு. ஒரு பொய்தான? நல்லதுக்குத்தான?”

அவன் கண் கலங்கியிருந்தது. நாகலெட்சுமி வீட்டுக்குள் வந்தாள். அவன் சொன்னதில் தப்பு எங்கே என்று தேடினாள், கிடைக்கவில்லை. சொல்லிவிடலாம். கண்ணை மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

பூங்கோதை இரண்டு தலையணையை அடுக்கிச் சாய்ந்திருந்தாள். வேப்பிலைக் கொத்து மடியில் கிடந்தது.

“அக்காவா வாறீயளா, சாமியா வாறீயளா? சாமின்னா எந்திரிக்கணும். அக்கான்னா இப்படியே கெடக்கேன்.”

“கெட.”

நாகலெட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள். சூடாக இருந்தது. பூங்கோதை வயிற்றைத் தடவிக்கொண்டே, “அசையுது,” என்றாள். ஒரு மூச்சு எடுத்தாள். “காலையில இருந்து அதத்தான் பாத்துக்கிட்டே இருக்கேன்.”

“அன்னைக்கு நீ ஏன் உள்ள வந்த? உனக்கும் வந்ததில்லன்னு தெரியும்ல.”

“கத்துனீயளே.”

“அது ஆத்தான்னுதான எல்லாரும் சொன்னாக.”

“சொன்னாக. நானும் கும்பிட்டுக்கிட்டுத்தான் எட்டிப் பாத்தேன்.” இருமினாள். இருமல் அடங்கக் காத்திருந்தாள். “பாத்தா, உங்க கண்ணு பயந்து போயிக் கெடந்துச்சு. சாமி எதுக்குக்கா பயப்படப் போகுது? நீங்கதான் உள்ள கெடக்கீயன்னு தெரிஞ்சுச்சு. அதான் ஃபோன் போட்டேன்.”

நாகலெட்சுமி அவள் கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

அன்று எல்லோரும் அவள் குரலைக் கேட்டார்கள். ஒருத்திதான் அவளைப் பார்த்தாள். பூங்கோதையும் கும்பிட்டுக்கொண்டு வெளியிலேயே நின்றிருந்தால், மூச்சு போனதும் ஆத்தா அழைத்துக்கொண்டாள் என்று சொல்லியிருப்பார்கள். குருநாதன் அந்தக் குடத்தைக் கடைசிவரைக்கும் பத்திரமாக வைத்திருப்பான்.

தனுஷ் கேட்டபடி சொல்லிவிடலாம், வண்டி கிளம்பிவிடும். அதற்குப் பிறகு? அடுத்த தெருவில் யாருக்காவது இப்படி வந்தால், முதலில் இந்த வீட்டு வாசலுக்கு வருவார்கள். பலகை கழுவுவார்கள். எலுமிச்சம்பழத்துக்கு ஆள் போகும். அவள் குளித்துவிட்டு வரும்வரை எங்கோ ஒரு நெஞ்சு மூச்சுக்குத் தவித்துக்கொண்டு வாக்குக்காகக் காத்திருக்கும். ஆத்தா சொன்னால்தான் ஆஸ்பத்திரி என்று ஆகிவிடும். அவள் இல்லாத நாளில் யார் சொல்வது?

இவ்வளவும் சரிதான். ஆனால் அவளை உண்மையில் தடுத்தது இந்தக் கணக்கு இல்லை. இன்னும் ஒரே ஒரு முறை ஆத்தாவாகப் பேசினால், நாகலெட்சுமியாகப் பேசியது யாருக்கும் இனி எப்போதும் கேட்காது. அதைத்தான் அவளால் தாங்க முடியாது என்று தோன்றியது. உறுத்தியது. ஒரு பெண் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது தன்னைப் பற்றி நினைக்கிறோமே என்று அவள் தன்னைக் கடிந்துகொண்டாள். கடிந்துகொண்ட பிறகும் அந்த நினைப்பு மாறவில்லை.

“துணிய எடுத்து வை,” என்று பூங்கோதையிடம் சொல்லிவிட்டு எழுந்தாள்.

நடுவீட்டில் பலகை போட்டிருந்தது. மஞ்சள் தண்ணீர், வேப்பிலை, ஒரு செம்பு. பக்கத்து வீட்டுக்காரியும் இன்னும் இரண்டு பெண்களும் வாசல் ஓரம் நின்றார்கள். இராமலட்சுமி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, “ஒக்காரு தாயி,” என்றாள்.

நாகலெட்சுமி பலகையைத் தாண்டிப் போய், சுவரோரம் வெறுந்தரையில் உட்கார்ந்தாள்.

“அத்தை, அன்னைக்குக் கடத்தண்ணி கேட்டது நான்.”

“ஆமா தாயி. நீதான கேட்ட.”

“ஆத்தா கேக்கல, நான் கேட்டேன். எங்க அய்யா உப்பளம் தெரிஞ்சுச்சு. பாத்தியெல்லாம் காஞ்சு கெடந்துச்சு. அய்யா, தண்ணி விடுங்கன்னு கத்துனேன். எனக்கு மூச்சு முட்டுச்சு அத்தை. அது மூச்சு முட்டுறதுன்னு எனக்கே சொல்லத் தெரியல.”

குரல் தடித்துத்தான் வந்தது. ஆனால் அவள் மெதுவாக, சோற்றுக்கு அரிசி போடவா என்று கேட்கிற மாதிரிதான் பேசினாள்.

பக்கத்து வீட்டுக்காரி, “காய்ச்சல்ல வாறதும் ஆத்தாதான மதினி?” என்றாள்.

“இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாதத வச்சுக்கிட்டு இந்தப் புள்ளைக்கு வாக்குச் சொல்ல முடியாதுல்ல.”

“அப்ப என் ஆடு?” என்று இன்னொருத்தி கேட்டாள்.

“எனக்கு இருமல் வந்துச்சு ஆச்சி. அந்தப் பக்கம் திரும்புனேன்.”

ஒருத்தி சிரித்துவிட்டாள். உடனே வாயை மூடிக்கொண்டாள்.

குருநாதன் தூணை விட்டு ஓரடி முன்னால் வந்தான். “அப்ப நான் கொண்டாந்த தண்ணி?”

இந்தக் கேள்விக்குத்தான் அவள் பயந்திருந்தாள். அவனை நேராகப் பார்த்தாள்.

“எனக்காகத்தான் போனீய. செருப்பு இல்லாமப் போனீயன்னு பூங்கோதை சொன்னா. அத நான் மறக்க மாட்டேன். ஆனா, நீங்க போயிட்டு வந்த நேரத்துலதான் என் உதடு கறுத்துச்சு.”

அவன் கையில் ஒட்டியிருந்த வேப்பிலையை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டான்.

இராமலட்சுமி பலகைக்குப் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள். “இத்தன நாளும் உன்னயக் கும்பிட்டேனே,” என்றாள். கேள்வி மாதிரி இல்லை. “வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லலையே நீ.”

“சொல்லல அத்தை.”

“ஏன்?”

நாகலெட்சுமிக்குப் பதில் தெரியும். அதைச் சொல்ல இது இடமில்லை. “அவளுக்கு இருமல் ரெண்டு நாளா இருக்கு,” என்றாள். “எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுச்சு. எனக்கு ஒரு உசுரு, அவளுக்கு ரெண்டு. புள்ளி தெரிஞ்ச ஒடனே வரச் சொன்னாக. நான் கூட்டிட்டுப் போறேன். எனக்கு வந்துட்டுப் போயிருச்சு, இனிப் பக்கத்துல இருந்தாலும் ஒண்ணும் ஆகாது.”

“மறுபடியும் நெல தாண்டணும்கிற.”

“ஆமா.”

“வழியில ஏதும் ஆயிட்டா? ஆத்தா கோவத்தோட...”

“கோவம்னா என்மேல வரட்டும் அத்தை. சொல்றது நான்தான. யாரும் என் வாய்ல இருந்து சொல்லல.”

அப்போது பூங்கோதை அறை வாசலுக்கு வந்தாள். தோளில் துணிப்பை. ஏதோ சொல்ல வந்து, இரண்டு வார்த்தையில் நின்று, நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்செடுத்தாள். மறுபடி தொடங்கி மறுபடி நின்றாள். கழுத்துக் குழி உள்ளே போய் வெளியே வந்தது. இராமலட்சுமி அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு பிள்ளை பெற்று இரண்டைப் பறிகொடுத்தவள். அவள் பார்வை பூங்கோதையின் உதட்டுக்குப் போனது, வயிற்றுக்கு வந்தது.

“ஏலே தனுஷு,” என்றாள். “என்னத்த வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்க? சாக்க எறக்கிட்டு வண்டியக் கொண்டா.”

தனுஷ் ஓடினான். பின்பக்கம் சாக்குகள் தொப் தொப்பென்று விழும் சத்தம் கேட்டது. குருநாதன் போய் அவனுக்குக் கைகொடுத்தான். இராமலட்சுமியே எழுந்து செம்பில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள், ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து கொடுத்தாள். பிள்ளை பிறந்த வீட்டில் ஓடியாடுகிற மாதிரி ஓடினாள். பூங்கோதையைக் கைத்தாங்கலாக நிலை தாண்ட வைத்தவளும் அவள்தான். தாண்டும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள்.

வண்டி வாசலுக்கு வந்தது. முன்சீட்டில் பூங்கோதை கதவோரம் சாய்ந்து உட்கார, நாகலெட்சுமி நடுவில் ஒடுங்கி ஏறிக்கொண்டாள். ஏறியதிலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது. கியர் போட இடம் வேண்டும் என்று தனுஷ் காலை ஒதுக்கச் சொன்னான்.

“பொறுலே,” என்றாள் இராமலட்சுமி.

உள்ளே போய்த் திருநீற்றுத் தட்டோடு வந்தாள். சன்னல் வழியாகத் தட்டை உள்ளே நீட்டினாள். தட்டு சன்னல் விளிம்பில் இடித்ததில் திருநீறு ஓரத்தில் சரிந்து பூங்கோதையின் மடியில் கொஞ்சம் விழுந்தது.

“நாகு,” என்றாள். அந்தப் பெயரில் அவள் கூப்பிட்டதே இல்லை. “நீ சொன்னபடி எல்லாம் ஆச்சு. ஒண்ணே ஒண்ணு எனக்குச் செய். ஆத்தாவா இருந்து இத அவ நெத்தியில வச்சு, கோவம் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. பொய்யா இருந்தாலும் பரவாயில்ல. இனி நீங்க திரும்பி வார வரைக்கும் நான் ஒத்தையில கெடக்கணும்.”

வாசலில் நின்ற பெண்கள் நெருங்கி வந்தார்கள். தனுஷ் ஸ்டியரிங்கைப் பார்த்தான். சொல்லிருங்க மதினி என்று அவன் முணுமுணுத்தது அவளுக்குக் கேட்டது. தட்டைப் பிடித்திருந்த கையில் நரம்பு எழும்பியிருந்தது. இத்தனை வருஷம் அவளுக்குச் சோறு போட்ட கை. அவளைத் தள்ளியே வைத்திருந்த கையும் அதுதான். அந்தக் கைக்கு ஒரு ஆறுதல் கொடுக்க நாகலெட்சுமிக்கு ஆசையாகத்தான் இருந்தது.

கையை நீட்டி, தட்டை மெதுவாக மாமியார் பக்கமே திருப்பினாள்.

“மாட்டேன் அத்தை,” என்றாள். “நீங்களே வச்சுவிடுங்க. நீங்க வச்சாப் போதும்.”